நம்ம பொண்ணுக்குத் திடீர்னு என்ன ஆச்சு?

(மாதனூரில் நடந்த கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற செவிலியரும் நமது குழு உறுப்பினருமான ஒரு சகோதரி பேசியதின் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்காக இங்கே தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம்.)



காலையிலிருந்து சேமிப்பு, கடன் திருப்பம், தீர்மான நோட்டு என்று கணக்கு பேசிக் களைத்துப் போயிருக்கீங்க. பாதிப் பேர் ஷூ கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிட்டு வந்திருக்கீங்க என்பதும் தெரியும். அதனால் நான் ரொம்ப நேரம் எடுத்துக்க மாட்டேன். ஆனால் சொல்லப் போகிற விஷயத்தை வயசுப் பெண் பிள்ளை வைத்திருக்கிற ஒவ்வொரு தாயும் கேட்க வேண்டும்.

நம்ம பக்கத்து ஊராட்சியில் ஒரு பெண். பிளஸ் ஒன் படித்தாள். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம். அவள் அம்மா குழு உறுப்பினர். "அக்கா, நாலு பேருக்கு உபயோகமா இருந்தா சொல்லுங்க" என்று அந்த அம்மா அனுமதி கொடுத்த பிறகுதான் சொல்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தப் பெண்ணுக்கு மூணு நாள் காய்ச்சல், தலைவலி. மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். காய்ச்சல் விட்டுவிட்டது. அதற்குப் பிறகு தூக்கம் போய்விட்டது. ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பாள். டீச்சர் செல்போனுக்குள்ளே இருந்து தன்னைப் பற்றிப் பேசுகிறார் என்றாள். திடீரென்று சிரிப்பு, உடனே அழுகை. சோற்றைத் தட்டி விட்டு, "இதுல என்னமோ கலந்துட்டீங்க" என்று பெற்ற தாயைப் பார்த்தே சொன்னாள். போன வாரம் வரைக்கும் தம்பிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த பிள்ளை!

ஊர் என்ன சொல்லும்? ஒருத்தர் காத்து கருப்பு என்றார். ஒருத்தர் காதல் தோல்வி என்றார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார்கள். 31 வருஷம் வார்டில் வேலை செய்தவள் நான். பார்த்துவிட்டு, "பரீட்சை பயம்மா, ரெண்டு நாள் ரெஸ்ட் குடுங்க, சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். இதை இந்த மேடையில் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல்லாமல் இருந்தால் பேசியதற்கு அர்த்தம் இல்லை.

மந்திரித்தார்கள், கயிறு கட்டினார்கள். எட்டாவது நாள் அவள் வாய் தானாக அசைய ஆரம்பித்தது. வெற்றிலை மெல்கிற மாதிரி வாய் ஓயாமல் ஓடுகிறது, வாயில் ஒன்றும் இல்லை. விரல்கள் பியானோ வாசிக்கிற மாதிரி ஆடுகின்றன. பேச்சு குறைந்து குறைந்து, சொன்னதையே திருப்பிச் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது. ஒரு ஆஸ்பத்திரியில் மனநோய் என்று மாத்திரை எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள். உடம்பு கட்டை மாதிரி விறைத்துப் போனது. மறுநாள் வலிப்பு.

அதன் பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அங்கே ஒரு சின்ன வயசு டாக்டர் அம்மா. நோட்டை வைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டார். "இதுக்கு முன்னாடி இப்படி இருந்திருக்காளா? எந்தத் தேதியில ஆரம்பிச்சது? முதல்ல காய்ச்சல் வந்துச்சா?" எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இது மனசு சம்பந்தப்பட்டது மட்டும் இல்லம்மா. மூளையில வீக்கம் இருக்கலாம். முதுகுல இருந்து நீர் எடுக்கணும், வயித்தையும் ஸ்கேன் பண்ணணும்" என்றார்.

மூளைக்கு நோய் என்றால் வயிற்றை எதற்கு ஸ்கேன் பண்ண வேண்டும்? எனக்கே புரியவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில்தான் இன்றைக்கு நான் பேச வந்த விஷயம்.

இந்த நோய்க்குப் பெயர் என்.எம்.டி.ஏ. மூளை அழற்சி. பெயரை மனப்பாடம் பண்ண வேண்டாம். ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கிறேன், குழு நோட்டில் ஒட்டி வையுங்கள். நம்ம உடம்பில் நோய்க்கிருமியை எதிர்த்துச் சண்டை போடுகிற சக்தி இருக்கிறதல்லவா, அதுவே ஆள் தெரியாமல் நம்ம மூளையைத் தாக்குவதால் வருகிற வீக்கம் இது. கொசுவால் வருவதோ, ஒருத்தரிடம் இருந்து ஒருத்தருக்கு ஒட்டிக்கொள்வதோ இல்லை.

சரி, அது ஏன் ஆள் தெரியாமல் தாக்குகிறது? ஷூ கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்கிறவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும். ஒரு நாள் ஒரு தப்பான பீஸ் வருகிறது. சூப்பர்வைசர், "இந்த மாதிரி தையல் எங்க பார்த்தாலும் ரிஜெக்ட் பண்ணு" என்கிறார். செக்கிங் பண்ணுகிற பெண் அன்றிலிருந்து அந்த மாதிரித் தையலை எல்லாம் தூக்கிப் போடுகிறாள். ஆனால் அதே தையல் வேறு ஒரு நல்ல மாடலிலும் இருக்கிறது. அந்த நல்ல ஷூவும் குப்பைக்குப் போகிறது. அவள் மேல் தப்பு இல்லை. அவளுக்குச் சொன்ன அடையாளம் அப்படி.

சில பெண்களுக்குச் சினைப்பையில் ஒரு வகைக் கட்டி வரும். டெரட்டோமா என்பார்கள், டெர்மாய்டு கட்டி என்றும் சொல்வார்கள். இதற்குள்ளே முடி இருக்கும், கொழுப்பு இருக்கும், சில சமயம் பல், எலும்பு கூட இருக்கும். சிலருக்கு மூளையில் இருக்கிற மாதிரியே நரம்புத் திசுவும் கொஞ்சம் இருக்கும். இருக்கக் கூடாத இடத்தில் இருக்கிற அந்த நரம்புத் திசுவை உடம்பின் காவல் சக்தி ரிஜெக்ட் என்று முத்திரை குத்தி, அதைத் தாக்க ஒரு எதிர்ப்புப் பொருளை உண்டாக்குகிறது. அதே அடையாளம் மூளையிலும் இருப்பதால், அந்த எதிர்ப்புப் பொருள் மூளைக்கும் போய்ச் சேருகிறது. தூக்கம், நினைவு, பேச்சு, பயம், மூச்சு எல்லாம் கெடுகிறது. வயிற்றில் இருக்கிற கட்டி தலையை ஆட்டி வைப்பது இப்படித்தான்.

இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. அந்த எதிர்ப்புப் பொருள் மூளை நரம்புகளைப் பெரும்பாலும் சாகடிப்பதில்லை. நரம்பு செய்தி வாங்கிக்கொள்கிற சின்னச் சின்ன வாசல்களை உள்ளே இழுத்து மூடிவிடுகிறது, அவ்வளவுதான். எதிர்ப்புப் பொருள் குறைந்தால் வாசல் மறுபடி வரும். அதனால்தான் மாதக்கணக்கில் நினைவில்லாமல் கிடந்தவர்கள் கூட எழுந்து நடக்கிறார்கள்.

நான் நர்சிங் படித்தபோது எங்கள் பாடப் புத்தகத்தில் இது இல்லை. இருக்கவும் முடியாது. ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த டாக்டர் ஜோசப் டால்மாவும் அவரோடு வேலை செய்தவர்களும் அமெரிக்காவில் 12 பெண்களைப் பற்றி எழுதி, இந்த நோய்க்குக் காரணமான எதிர்ப்புப் பொருளைக் கண்டு சொன்னது 2007-ல்தான். அதில் 14 வயசுப் பிள்ளையும் உண்டு. அதற்கு முன்னால் உலகத்தில் எந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாலும் இதற்குப் பெயர் கிடையாது.

1990-களில் என் வார்டில் ஒரு பெண் இருந்தாள். பதினேழு வயசு இருக்கும். இதே தூக்கமின்மை, இதே வாய் அசைவு, கடைசியில் மூச்சு நின்றது. கேஸ் ஷீட்டில் என்னவோ எழுதி மூடினோம். அவள் அப்பா, "சாமி குத்தம்" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அவளுக்கு வந்தது இதுதானா என்று இப்போது யாரும் சொல்ல முடியாது. ஆனால் இந்த நோயைப் பற்றித் தெரிந்த பிறகு அவள் முகம் எனக்கு அடிக்கடி வருகிறது.

2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ஏர்வாடியில் நடந்தது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டிப் போட்டிருந்ததால் ஓட முடியவில்லை. அவர்களில் யாருக்கு என்ன நோய் என்று யார் பார்த்தார்கள்? சாமி கும்பிடுவதை நான் தடுக்கவில்லை. நானும் வேண்டிக்கொண்டுதான் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தேன். கட்டிப் போடுவதும் நாள் கடத்துவதும்தான் கூடாது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். சுசான்னா கஹாலன் என்று ஒரு பத்திரிகை நிருபர். 2009-ல் அவருக்கு 24 வயசு. திடீரென்று சந்தேகம், பயம், வலிப்பு. குடிப்பழக்கம் என்று கூட ஒரு டாக்டர் சொல்லிவிட்டார். கடைசியில் சூஹெல் நஜ்ஜார் என்கிற டாக்டர் ஒரு காகிதத்தைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார். அந்தப் பெண் 1 முதல் 12 வரை எல்லா எண்ணையும் வலது பக்கத்திலேயே நெருக்கி எழுதினார், இடது பக்கம் காலி. மூளையில் ஒரு பக்கம் வேலை செய்யவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. குணமாகி, 2012-ல் தன் அனுபவத்தைப் புத்தகமாகவும் எழுதினார். அவருக்குச் சினைப்பையில் கட்டி எதுவும் கிடைக்கவில்லை. கட்டி இல்லாமலும் இது வரும், ஆண்களுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் கூட வரும். ஆனால் பெண்களுக்குத்தான் அதிகம். 2013-ல் 577 நோயாளிகளைப் பற்றி வெளிவந்த ஆய்வில் 100-க்கு 81 பேர் பெண்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் 18 வயதுக்கு உட்பட்டவர்கள். 12 வயசுக்குக் கீழே உள்ள சிறுமிகளுக்குக் கட்டி இருப்பது குறைவு. 12 வயசுக்கு மேல் 45 வயசு வரைக்கும் உள்ள பெண்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குக் கட்டி இருந்தது. அதனால்தான் அந்த டாக்டர் அம்மா முதல் நாளே வயிற்று ஸ்கேன் கேட்டார்.

இப்போது நம்ம பெண்ணின் கதைக்கு வருகிறேன்.

முதுகில் நீர் எடுக்க அவள் அம்மா கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள். "முதுகுல ஊசி போட்டா கால் வராதாமே" என்று அழுகை. இந்தப் பயம் நம்ம ஊரில் எல்லோருக்கும் இருக்கிறது. பிரசவ ஆபரேஷனுக்கு நம்மில் எத்தனை பேருக்கு முதுகில் ஊசி போட்டார்கள்? நடந்துதானே இங்கே வந்திருக்கீங்க? தண்டுவடம் முடிகிற இடத்துக்குக் கீழேதான் ஊசி போடுவார்கள். இரண்டு நாள் தலைவலி இருக்கலாம், கால் போகாது. இதைச் சொல்லிச் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினேன். இந்த நோயை ரத்தத்தில் பார்ப்பதைவிட முதுகு நீரில்தான் சரியாகக் கண்டுபிடிக்க முடியும். தலை ஸ்கேன் பலருக்கு நார்மலாகவே இருக்கும். "ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல" என்று சொன்னால், நோயே இல்லை என்று நினைத்து வந்துவிடாதீர்கள்.

வயிற்று ஸ்கேனில் இடது சினைப்பையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். உள்ளே முடி, கொழுப்பு, ஒரு சின்னப் பல்.

அந்தப் பல்லால் வந்த கஷ்டம் நோயால் கூட வரவில்லை.

சொந்தக்காரர் ஒருத்தர் பார்த்துவிட்டு வந்து ஊரில் சொல்லிவிட்டார். "வயித்துல பல்லும் முடியும் இருந்துச்சாம்." உடனே செய்வினை என்றார்கள், சோற்றில் முடி வைத்துக் கொடுத்துவிட்டார்கள் என்றார்கள். அதைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இன்னும் கொஞ்சம் பேர், அந்தப் பிள்ளை வயிற்றில் இருந்தது கரு என்று பேசினார்கள். மகள் வெண்டிலேட்டரில் கிடக்கிறாள், தாய் வாசலில் உட்கார்ந்திருக்கிறாள், ஊரிலிருந்து வரும் போனில் இந்தப் பேச்சு.

நான் இதைச் சத்தமாகச் சொல்கிறேன், எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள். அது கரு இல்லை. ஆண் சம்பந்தம் எதுவும் இல்லாமல், சினைப்பையில் பிறவியிலிருந்தே இருக்கிற முட்டை அணுவிலிருந்து அந்தக் கட்டி தானாக வளர்கிறது. தோல், முடி, பல், நரம்பு எல்லாமாகவும் ஆகக்கூடிய அணு அது. வயசுக்கு வராத சின்னப் பிள்ளைக்கும் வரும். அபூர்வமாக ஆண்களுக்குக் கூட விதையில் இந்த வகைக் கட்டி வருவதுண்டு. பெரும்பாலும் இது புற்றுநோயும் இல்லை. இதைத் தெரிந்துகொண்ட பிறகும் ஒரு பிள்ளையின் மானத்தைப் பற்றி யாராவது உங்கள் எதிரில் பேசினால், குழுப் பெண்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கக் கூடாது.

ஆபரேஷனோடு முடியவில்லை. ஸ்டீராய்டு ஊசி, எதிர்ப்புப் பொருளை மட்டுப்படுத்துகிற இம்யூனோகுளோபுலின் என்கிற விலை அதிகமான மருந்து, சிலருக்கு ரத்தத்தின் நீரை மாற்றுகிற சிகிச்சை, அதற்கும் அடங்காவிட்டால் ரிட்டுக்சிமாப் போன்ற மருந்து. இவளுக்கு மூச்சு விடுவதே தடுமாறியதால் 19 நாள் வெண்டிலேட்டர். கண் திறந்த பிறகும் ஒரு குழந்தை மாதிரிதான் இருந்தாள். கோபம், அழுகை, பேச்சு வரவில்லை. பிறகு ஒவ்வொன்றாக வந்தது. முதலில் அம்மா என்றாள். ஸ்பூன் பிடிக்கக் கற்றுக்கொண்டாள். வீட்டுக்கு வந்து ஏழு மாதம் ஆன பிறகுதான் தானாகத் தலை பின்னிக்கொண்டாள். அந்த ஆஸ்பத்திரி நாட்கள் எதுவும் அவளுக்கு ஞாபகமே இல்லை. அதுவும் நல்லதுதான் என்று அவள் அம்மா சொல்வாள்.

இந்த நோய் எல்லோரையும் விட்டுவிடுவதில்லை. நான் சொன்ன அதே ஆய்வில் 30 பேர் இறந்திருக்கிறார்கள். ஆனால் இரண்டு வருஷம் தொடர்ந்து பார்க்கப்பட்டவர்களில் 100-க்கு 81 பேர் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் அளவுக்குத் தேறினார்கள். சீக்கிரம் சிகிச்சை தொடங்கியவர்கள் நன்றாகத் தேறினார்கள் என்பதும் அதில் தெரிந்தது. நாம் பதினான்கு நாளை வீணாக்கினோம். அதில் இரண்டு நாள் என் கணக்கு.

எதைப் பார்த்து உஷாராக வேண்டும் என்று கேட்பீர்கள். நன்றாக இருந்த பிள்ளை, சில நாட்களிலோ சில வாரங்களிலோ ஆளே மாறிவிட்டால். கூடவே தூக்கம் போய், பேச்சு குறைந்து, வாய் கை கால் தானாக ஆடினால், உடம்பு விறைத்தால், வலிப்பு வந்தால். அதற்கு முன்னால் காய்ச்சலும் தலைவலியும் இருந்திருந்தால் இன்னும் உஷார். மனநல டாக்டரிடம் போவதில் தப்பே இல்லை, முதலில் இதைச் சந்தேகப்படுவது பல சமயம் அவர்கள்தான். ஆனால் "நரம்பு டாக்டரும் ஒரு தடவை பாக்கணுமா, முதுகு நீர் டெஸ்ட் தேவையா, வயித்து ஸ்கேன் தேவையா?" என்று வாயைத் திறந்து கேளுங்கள். கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், ஆனால் மாத்திரைக்குப் பிறகு உடம்பு விறைத்தால் அன்றைக்கே திரும்பப் போங்கள். வலிப்போ மூச்சுத் திணறலோ வந்தால் 108.

நாம் இருக்கிற இடம் இந்த விஷயத்தில் கொடுத்து வைத்த இடம். இந்தியாவிலேயே முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையை 1949-ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கியது வேலூர் சி.எம்.சி.யில்தான். அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. எங்கெங்கோ வடநாட்டிலிருந்து ரயில் ஏறி ஜனங்கள் காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள். நாம் மாதனூரில் பஸ் ஏறினால் போதும், ஆனால் நமக்குத்தான் கடைசியில் ஞாபகம் வருகிறது.

பண விஷயம். அந்தக் குழுவில் ஒரு விதி இருந்தது. பழைய கடன் முடியாமல் புதுக் கடன் கிடையாது. அந்த அம்மாவுக்கு ஆறு தவணை பாக்கி. ஊக்குநரும் பிரதிநிதியும் ராத்திரி எட்டு மணிக்கு எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். ஒரு உறுப்பினர், "நாளைக்கு எனக்கும் விதியை மாத்துவீங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். "மாத்துவோம், எழுதி வெச்சிக்கலாம்" என்று தீர்மானம் போட்டு, 20,000 ரூபாய் அவசர உள்கடன் கொடுத்தார்கள். முதல் இரண்டு நாள் ஓடியது அந்தப் பணத்தில்தான். அதன் பிறகு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கொஞ்சம் கை கொடுத்தது. ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை இருக்கிறது, எல்லா மருந்தும் எல்லா ஆஸ்பத்திரியிலும் அதில் வராது, சேரும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். அட்டை இல்லாத உறுப்பினர் யார் யார் என்று இந்த மாதமே ஒவ்வொரு குழுவும் பட்டியல் எடுங்கள். நோய் வந்த பிறகு வருமானச் சான்றுக்கு அலைய முடியாது.

(பேச்சு முடிந்த பிறகு உறுப்பினர்கள் கேட்ட சில கேள்விகள்.)

"என் பொண்ணுக்கு நீர்க்கட்டி இருக்குன்னு சொன்னாங்க. அவளுக்கும் இது வருமா?"

பயப்படாதீங்க. மாதவிலக்கு தள்ளிப் போகிற பிள்ளைகளுக்குச் சொல்கிற நீர்க்கட்டி வேறு, இந்த டெரட்டோமா வேறு. டெரட்டோமா இருக்கிறவர்களிலும் ரொம்ப ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான் மூளை பாதிக்கும். 10 லட்சம் பேரில் வருஷத்துக்கு ஒருத்தர் இரண்டு பேருக்கு வருகிற நோய் இது. நீர்க்கட்டி இருக்கிற பிள்ளையை இன்றைக்கே மூளை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போக வேண்டாம்.

"கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு ஸ்கேன் எப்படி எடுப்பாங்க?"

வயிற்றின் மேலே வைத்துத்தான் எடுப்பார்கள், சிறுநீர் நிறைய இருக்க வேண்டும், அவ்வளவுதான். தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். வேறு எந்தப் பரிசோதனையும் உங்கள் சம்மதம் இல்லாமல் செய்ய மாட்டார்கள்.

"திரும்ப வருமா அக்கா?"

வரலாம். 100-ல் 12 பேருக்கு இரண்டு வருஷத்துக்குள் திரும்ப வந்திருக்கிறது. அதனால்தான் நன்றாக ஆன பிறகும் செக்கப் போகச் சொல்கிறார்கள், வயிற்று ஸ்கேனும் சில வருஷம் திரும்பத் திரும்ப எடுக்கச் சொல்கிறார்கள். கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை என்று அதை விட்டுவிடக் கூடாது.

"சினைப்பையில ஆபரேஷன் பண்ணிட்டா, நாளைக்குக் கொழந்த பொறக்குமா?"

முடிந்த வரைக்கும் கட்டியை மட்டும் எடுத்துச் சினைப்பையை விட்டுவைப்பார்கள். ஒரு பக்கம் எடுக்க வேண்டி வந்தாலும் இன்னொரு பக்கம் இருக்கிறது. மாதவிலக்கு வரும், குழந்தையும் பிறக்கும். அந்தப் பெண்ணுக்கு இரண்டுமே இருக்கிறது. ஒரு வருஷம் வீணானாலும் பிளஸ் டூ எழுதிப் பாஸ் பண்ணினாள். இப்போது ஆம்பூரில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போகிறாள். ஆரம்பத்தில் அவள் அம்மா ஆபரேஷன் ரிப்போர்ட்டைப் பையிலேயே வைத்திருப்பாள், கேட்கிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவாள், "கட்டிதான், பாருங்க" என்று. போன பொங்கலுக்குப் பார்த்தபோது, அதை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன் என்று சொன்னாள்.